டார்க் ரொனால்டின் தோல்

எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. கிட்டப் போய்த் தொட்டதே ஒரு தடவைதான், அதுவும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வந்து ஓரமாக நின்றிருந்த ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரையை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் புரவி, பரி, இவுளி என்று பேர்கள் தெரியும்; அதன் பல்லைப் பார்த்து வயசு சொல்லத் தெரியாது. அப்படிப்பட்டவன் குதிரையைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் கால்நடை மருத்துவரான ஒரு நண்பர். 'சாதி, வம்சம், ரத்தம்னு எழுதிக்கிட்டிருக்கீங்களே தோழர், ஒருதரம் இதையும் படிச்சுப் பாருங்க' என்று ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்துவிட்டுப் போனார். 2020ல் வந்தது. நாலைந்து வரிகளில் சொல்லிவிடக்கூடிய செய்திதான். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அருங்காட்சியகம் ஒன்றில் ஒரு பொலிகுதிரையின் தோல் பதப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. குதிரை செத்தது 1928ல். அந்தத் தோலிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதன்மேல் சுமத்தப்பட்டிருந்த பிழை அதனிடம் இல்லை.

செத்து 92 வருஷம் கழித்து ஒரு குதிரைக்கு விடுதலை. இப்படியொரு விசாரணைக்கு என்ன தேவை வந்தது, வழக்குத் தொடுத்தவர் யார், குற்றவாளி என்று ஒரு தகப்பனைத் தேடிப் போகிற மனசு எப்படி உருவாகிறது என்பதே என்னை உறுத்தியது. குதிரையைவிட அந்தத் தேடலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் 'வார்ம்பிளட்' என்கிற சொல். குதிரைகளை ஐரோப்பியர்கள் சூடான ரத்தம், குளிர்ந்த ரத்தம் என்று பிரித்தார்கள். அரேபியக் குதிரையும் இங்கிலாந்தின் பந்தயக் குதிரையான தரோபிரெட்டும் சூடு. ஏரும் பாரவண்டியும் இழுக்கிற கனத்த ஜாதிகள் குளிர். இரண்டுக்கும் நடுவில் கலந்து உண்டானவை வெதுவெதுப்பு, அதாவது வார்ம்பிளட். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒரே சூடுதான். ஆக, தொடக்கத்திலிருந்தே இங்கே ரத்தம் என்பது உடம்பில் ஓடுகிற திரவம் அல்ல, ஒரு சொல்லாடல். ஹனோவர், ஹோல்ஸ்டைன், ஓல்டன்பர்க், டிராகேனர் என்று மண்ணின் பெயராலோ பண்ணையின் பெயராலோ அழைக்கப்படும் இந்தக் குதிரைகள்தான் இன்று ஒலிம்பிக்கில் தடை தாண்டுகின்றன, டிரெஸாஜ் ஆடுகின்றன. பெயரில் மண் இருக்கிறதே தவிர, அந்த மண்ணிலேயே முளைத்தது என்று எதையும் சொல்ல முடியாது. ஹனோவர் குதிரைக்கு ஆதாரமான செல்லே அரசுப் பண்ணையை 1735ல் தொடங்கியவர், ஹனோவரின் இளவரசராகவும் இங்கிலாந்தின் ராஜாவாகவும் ஒரே சமயத்தில் இருந்த இரண்டாம் ஜார்ஜ். அரசாங்கம் பொலிகுதிரை வைத்திருக்கும். குடியானவன் தன் பெட்டைக் குதிரையைக் கூட்டிப் போவான். உழவுக்கு, வண்டிக்கு, பட்டாளத்துக்கு என்று தேவை மாறும்போதெல்லாம் வேறு வேறு ஜாதிப் பொலிகுதிரைகளைக் கொண்டுவந்து கலந்தார்கள். கலப்பை நடத்தியது அரசு, பதிவேட்டை வைத்திருந்ததும் அரசு. கலந்துகொண்டே ரத்தத்தின் பெருமை பேசுவதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

வம்சப் பட்டியலில் தரோபிரெட்டின் பெயருக்குப் பின்னால் இரண்டு எக்ஸ் போடுவார்கள். பெருக்கல் குறி மாதிரி இரண்டு. எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அந்த எக்ஸ் எக்ஸ் அழியாது. ஊரில் நான்கு தலைமுறையாகக் குடியிருந்தாலும் 'வந்தேறி' என்கிற அடைமொழி போகாத மாதிரி. ஆனால் இங்கே அது மரியாதைக் குறி. மேலிருந்து வந்தவனுக்கும் கீழிருந்து வந்தவனுக்கும் போடுகிற குறி ஒன்றாகவே இருந்தாலும் வாசிக்கிற விதம் வேறுதானே.

டார்க் ரொனால்ட் எக்ஸ் எக்ஸ் பிறந்தது 1905ல், அயர்லாந்தில். தகப்பன் பே ரொனால்ட், தாய் டார்க்கி. பெயரைக் கவனியுங்கள். பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வந்திருக்கிறது. இது பின்னால் நமக்கு வேண்டியிருக்கும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் பணம் குவித்த ஏப் பெய்லியின் குதிரையாக ஓடி, 1909ல் ஆஸ்காட்டில் ராயல் ஹண்ட் கோப்பையை வென்றது. இந்தப் பெய்லி சாதாரண ஆள் இல்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் போயர் அரசைக் கவிழ்க்க நடந்த ஜேம்சன் படையெடுப்புச் சதியில் சேர்ந்து 1896ல் சிறைக்குப் போனவர். அந்தப் படையெடுப்பை முறியடித்ததற்காக போயர் தலைவர் குரூகருக்குத் தந்தி அடித்து வாழ்த்தியவர் ஜெர்மானியக் கைசர். அந்தத் தந்தியால் இங்கிலாந்தே கொதித்தது. பதினேழு வருஷம் கழித்து 1913ல், அதே கைசரின் பிரஷ்ய அரசு 25,000 பவுண்டு கொடுத்து டார்க் ரொனால்டை வாங்கிக்கொண்டு போகிறது. அடுத்த வருஷம் போர். பகைநாட்டின் குதிரை பிரஷ்யாவின் கிராடிட்ஸ் அரசுப் பண்ணையில் தின்று கொழுத்துக்கொண்டிருக்க, வெளியே போர்முனையில் லட்சக்கணக்கில் குதிரைகள் செத்துக்கொண்டிருந்தன. வெர்சேல்ஸ் உடன்படிக்கையில், ஜெர்மனி நஷ்ட ஈடாகப் பிரான்சுக்கு மட்டும் 500 பொலிகுதிரைகளையும் 30,000 பெட்டைகளையும் தர வேண்டும் என்று எழுதினார்கள். தேசங்கள் குதிரைகளின் மொழியில் கணக்குத் தீர்த்துக்கொண்ட காலம் அது. 1918 முதல் 1922 வரை ஜெர்மானியப் பந்தயங்களில் அதிகம் வென்ற குட்டிகளின் தகப்பன் என்ற பட்டம் ஆங்கிலேயனான இந்தக் குதிரைக்குத்தான். தேசியவாதம் பந்தயக் களத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறது.

ஆனால் நம் விஷயம் பந்தயம் இல்லை. பந்தயக் குதிரையின் ரத்தம் தடை தாண்டும் குதிரைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டர் வந்தது. பட்டாளத்துக்குக் குதிரை வேண்டாம், உழவுக்கும் வேண்டாம் என்றாயிற்று. வட ஜெர்மனியில் பெட்டைக் குதிரை வைத்திருந்த குடியானவர்களுக்கு இரண்டே வழி. கசாப்புக்கு விற்பது, அல்லது கனத்த உடம்பை இளைக்கவைத்துச் சவாரிக் குதிரையாக்கிப் பட்டணத்துக்காரனுக்கு விற்பது. இரண்டாவது வழிக்கு மெலிந்த, வேகமான ரத்தம் தேவை. எக்ஸ் எக்ஸ் பொலிகுதிரைகள் வரிசையாக இறக்கப்பட்டன. ஹனோவரில் புகழ்பெற்ற டெர் லோவே எக்ஸ் எக்ஸ் 1944ல் பிறந்தது. அதன் தாய் லேன்ஸ்ஹெரின். லேன்ஸ்ஹெரினின் தகப்பன் ஹெரோல்ட். ஹெரோல்ட், 1920ன் ஜெர்மானிய டெர்பியை வென்ற டார்க் ரொனால்டின் மகன்.

இன்னொரு வழி இங்கிலாந்திலேயே கிளம்புகிறது. டார்க் ரொனால்ட் ஜெர்மனிக்குப் போகும் முன்பே அங்கே விட்டுவந்த மகன் சன்-இன்-லா, 1911ல் பிறந்தது. அதன் மகள் மொரீன். மொரீனின் மகன் ஃப்யூரியோஸோ, 1939. ஓட்டக்களத்தில் ஒன்றுக்கும் ஆகாமல் போன குதிரை இது. போர் முடிந்தபின் பிரான்ஸ் அரசு வாங்கி நார்மண்டிப் பண்ணையில் விட்டது. அதன் மகன் லுட்டர் பி, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜோன்கேர் தொரியோலாவுக்குத் தடை தாண்டலில் தங்கம் வாங்கித் தந்தது. இன்னொரு மகன் லுரியோஸோ. அதன் மகள் கெனோத். கெனோத் 1968ல் ஈன்ற குட்டி கோர் து ல பிரியேர். 1971ல் அதை ஹோல்ஸ்டைன்காரர்கள் பிரான்சிலிருந்து வாங்கிப் போனார்கள். கலெட்டோ, கலிப்ஸோ, கலாண்டோ, கொராடோ என்று அதன் பிள்ளைகள் பரவி, இன்று உலகத்தில் தடை தாண்டும் குதிரைகளின் வம்சப் பட்டியலைப் புரட்டினால் ஏதாவது ஒரு மூலையில் அந்தப் பிரெஞ்சுக்காரன் இல்லாமல் இருப்பது அரிது. ஹோல்ஸ்டைன் என்னும் மண்பெருமைக்கு உயிர் கொடுத்தவன் எல்லை தாண்டி வந்தவன்.

மேலே நான் கொடுத்த பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். டார்க் ரொனால்டின் ரத்தத்தை ஹனோவருக்குக் கொண்டுவந்தது யார்? லேன்ஸ்ஹெரின், ஒரு பெட்டை. பிரான்சுக்கு? மொரீன், ஒரு பெட்டை. ஹோல்ஸ்டைனுக்கு? கெனோத். தகப்பன்வழி நேர்கோடு இந்த மூன்று இடங்களிலும் அறுந்து, ஒவ்வொரு முறையும் ஒரு பெட்டைக்குள் புகுந்துதான் மறுபடி வெளியே வருகிறது. ஆனால் பேச்சில் அது 'டார்க் ரொனால்ட் ரத்தம்'. மொரீன் ரத்தம் என்று எவனும் சொல்வதில்லை. நம்முடைய மெய்க்கீர்த்திகளில் மகனும் அப்பனும் அப்பனுக்கப்பனும் வரிசையாக நிற்க, இடையில் பெற்றவள் யாரென்று கல்வெட்டைத் துருவ வேண்டியிருக்கிறதல்லவா, அந்த மாதிரிதான்.

பெயர் வைப்பதிலேயே இது இருக்கிறது. ஹோல்ஸ்டைன் மரபில் கடாக்குட்டிக்குத் தகப்பனின் முதலெழுத்தில் பெயர். அதனால்தான் கோர் என்பதிலிருந்து கலெட்டோவும் கலிப்ஸோவும். பெட்டைக்குட்டிக்கோ பிறந்த வருஷத்துக்கென்று ஒதுக்கிய எழுத்து. மகன் வம்சத்துக்கு, மகள் காலண்டருக்கு. டிராகேனர் மரபு இதற்கு நேர்மாறு: அங்கே குட்டிக்குத் தாயின் முதலெழுத்து. டைக்ரோஸ என்கிற பெட்டையின் மகன் என்பதால் டெம்பெல்ஹூட்டர். ஹோல்ஸ்டைன்காரர்கள் தாய்வழிக் குடும்பங்களுக்கு எண் போட்டு வைத்திருக்கிறார்கள், விஷயம் தெரிந்த பண்ணைக்காரன் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பான் என்று நண்பர் சொன்னார். அதாவது உண்மை அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அவளுக்கு எண், அவனுக்குப் பெயர்.

இப்போது குற்றத்துக்கு வருவோம்.

குட்டி பிறக்கிறது. தோல் உடம்போடு ஒட்டியில்லை. தொட்டால் கிழிகிறது, இழுத்தால் கழன்று வருகிறது. மூட்டுகள் பிடிப்பில்லாமல் மடங்குகின்றன. பிழைக்க வழியில்லை, ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் கருணை. பல நேரம் அதற்கும் முன்பே கருவிலேயே கலைந்துவிடும். கொலாஜன் என்கிற புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிடிப்பதற்கான நொதி ஒன்றில் கோளாறு. பிஎல்ஓடி1 என்கிற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் வந்த வினை. தகப்பனும் தாயும் ஆளுக்கொரு பிழைப்பிரதி வைத்திருந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இந்தச் சாவு. ஒரே ஒரு பிரதி இருக்கிற குதிரைக்கு ஒன்றுமே ஆகாது. ஓடும், தாண்டும், பரிசு வாங்கும், கடத்தும். வார்ம்பிளட் குதிரைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இப்படிக் கடத்துபவை. 2010களின் தொடக்கத்திலேயே பிழை கண்டுபிடிக்கப்பட்டுப் பரிசோதனையும் கைக்கு வந்துவிட்டது. வேரோடு பிடுங்கிய கொஞ்சம் பிடரிமயிர் போதும். ஆனால் விஷயம் வளர்ப்போர் வட்டத்தில் பெரிதாக வெடித்தது 2018ல்தான். இடையில் அத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால், வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை.

இந்த மௌனத்துக்கு வசதியான ஓர் ஏற்பாடு இருந்தது. உயிரோடு பிறந்த குட்டிதான் வம்சப் பதிவேட்டில் ஏறும். கலைந்தது ஏறாது. பெட்டைக்குக் கரு தங்கவில்லை என்பதோடு கதை முடிந்தது. பொலிகுதிரையின் பேர் கெடவில்லை. குழந்தை தங்காததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்பதில் மனுஷருக்கும் குதிரைக்காரருக்கும் ஒரே புத்திதான்.

மறைக்க முடியாமல் போனதும் தேடல் ஆரம்பமாயிற்று. இது எங்கிருந்து வந்தது? யார் கொண்டுவந்தான்? கடத்தும் குதிரைகளின் வம்சப் பட்டியல்களை விரித்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு பொதுப் பெயர். டார்க் ரொனால்ட். தரோபிரெட்டுகளிலும் குறைந்த அளவில் இந்தப் பிழை தென்பட்டதும் சந்தேகம் கெட்டிப்பட்டது. எக்ஸ் எக்ஸ் என்கிற மரியாதைக் குறி ஒரே நாளில் அங்க அடையாளமாக மாறிப்போனது. நேற்றுவரை 'எங்கள் குதிரைகளுக்கு வேகமும் தைரியமும் தந்த மூலபுருஷன்', இன்று 'நோயைக் கொண்டுவந்த அந்நியன்'.

இதில் ஒரு தர்க்கப் பிழை இருக்கிறது. கணக்கு வராத எனக்கே அது தெரிகிறது. கடத்தும் குதிரைகள் எல்லாவற்றிலும் டார்க் ரொனால்ட் இருக்கிறது, சரி. கடத்தாத குதிரைகளில்? அவற்றிலும்தான் இருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில தகப்பன்களை வைத்துக்கொண்டு பல தலைமுறை இனப்பெருக்கம் நடத்தினால், கொஞ்சம் பின்னே போனதும் எல்லாருக்கும் எல்லாரும் மூதாதை ஆகிவிடுவார்கள். எங்கும் இருப்பது எதற்கும் சாட்சியாகாது. கோர் து ல பிரியேரையே எடுத்துக்கொள்ளுங்கள். சன்-இன்-லா, மொரீன், ஃப்யூரியோஸோ, லுரியோஸோ, கெனோத் என்று ஒவ்வொரு படியிலும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் அந்த வழியாக டார்க் ரொனால்டின் பங்கு 64ல் ஒன்று. மீதி 63 பங்கு யாருடையது என்ற கேள்வியைக் கேட்கவே விடாமல் செய்வதுதான் வம்சப் பட்டியல் என்கிற எழுத்து வடிவத்தின் சாமர்த்தியம்.

ஃபூக்கோவை இந்தப் பக்கங்களில் போதுமான அளவு பேசியாயிற்று. அலுப்புத் தட்டினால் மன்னிக்கவும். நீட்சேயை முன்வைத்து அவர் 1971ல் எழுதிய கட்டுரையில் வம்சாவளி ஆய்வு என்பதை மூலத்தைத் தேடும் முயற்சிக்கு எதிராகவே நிறுத்துகிறார். மூலம் என்று ஒன்று மாசுமறுவற்று எங்கோ காத்திருப்பதாக நம்புகிறவன் வரலாற்றைப் படிக்க மாட்டான், பூஜை செய்வான். இதோடு நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். மூலபுருஷனைப் பூஜிப்பதும் மூலக் குற்றவாளியைத் தேடுவதும் ஒரே காரியம். இரண்டுக்கும் தேவை ஒரு தனித் தகப்பன். ஸ்தாபனம் கண்ணில் படாமல் போவதற்கு இதைவிட நல்ல திரை கிடையாது. தரோபிரெட் என்கிற ஜாதியே இப்படி ஒரு தகப்பன் புனைவுதான். கீழைத்தேசத்திலிருந்து வந்த மூன்று பொலிகுதிரைகளிலிருந்து அது உண்டானதாக 1791ல் தொடங்கிய பதிவேட்டுக் காலத்திலிருந்து கதை சொல்லிவந்தார்கள். தாய்வழி மரபணுவை ஆராய்ந்த 2011ன் ஆய்வு, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஏற்கெனவே இருந்த நாட்டுப் பெட்டைகளுக்கு அதில் கணிசமான பங்கு உண்டென்று காட்டியது. பேரில்லாத பெட்டைகள்.

ஹாலே என்ற ஊர்ப் பெயரைப் படித்ததும் எனக்கு வேறொரு ஆள் ஞாபகத்துக்கு வந்தான். வால்தர் தரே. 1933 முதல் 1942 வரை ஹிட்லரின் விவசாய மந்திரி. 'ரத்தமும் மண்ணும்' என்ற கோஷத்தை அரசாங்கக் கொள்கையாக்கியவன். அதற்கும் முன்பே எஸ்.எஸ். படையின் இன விவகார அலுவலகத்துக்குத் தலைவனானவன். இந்த ஆள் 1920களில் ஹாலே பல்கலைக்கழகத்தில்தான் விவசாயம் படித்தான். சிறப்புப் பாடம் கால்நடை இனப்பெருக்கம். 1930ல் ரத்தத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் ஒரு புதிய பிரபுக்குலத்தை உண்டாக்குவது பற்றி ஒரு புத்தகம் எழுதினான். கல்யாணத்துக்குப் பெண்களைத் தரம் பிரிக்க வேண்டும் என்பது அதில் ஒரு யோசனை. பண்ணையில் பெட்டைக் குதிரையைத் தரம் பிரிக்கிற அதே புத்தி. எங்கே படித்தானோ அங்கேயிருந்து எடுத்துக்கொண்டான்.

இதில் கவனிக்க வேண்டியது, தரே குதிரைப் பண்ணையிலிருந்து தப்பான பாடத்தைப் படித்தான் என்பதல்ல. பண்ணையில் நடந்ததைப் படிக்காமல், பண்ணையின் பதிவேட்டைப் படித்தான். நடந்தது இடைவிடாத கலப்பு. எழுதப்பட்டது இடைவிடாத தூய்மை. ஜெர்மானியக் குதிரையின் பெருமை என்று அவன் காலத்தில் கொண்டாடப்பட்டவற்றில், தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பணத்தில் ஓடி, இங்கிலாந்திலிருந்து விலைக்கு வந்த ஓர் அயர்லாந்துக் குதிரையின் பிள்ளைகள் இருந்தன. அந்தக் குதிரையின் தோல் தரே படித்த அதே ஊரில் இன்றைக்கும் இருக்கிறது. செத்தவனின் தோலைப் பதப்படுத்தி வைப்பது மூலபுருஷ வழிபாட்டின் உச்சம். அந்த வழிபாடுதான் கடைசியில் அவனுக்கு எதிரான வழக்கில் சாட்சியத்தையும் பாதுகாத்து வைத்திருந்தது. நம் ஊரில் தோலைத் தொட்டவனைத் தள்ளி வைத்த சமூகத்திலிருந்து இதைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பும் வருகிறது. பதிவேடு சொல்லாத உண்மையைத் தோல் சொல்லியிருக்கிறது.

2020ன் கட்டுரையைக் கோட்டிங்கன், ஹாலே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தோலிலிருந்து எடுத்த மாதிரிகளில் இரண்டு பிரதிகளுமே சரியான பிரதிகள். பிழை டார்க் ரொனால்டிடமிருந்து வரவில்லை. அவ்வளவுதான் தீர்ப்பு.

தீர்ப்புக்குப் பிறகு வழக்கைத் தொடுத்தவர்கள் தங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டார்களா? அதுதான் இல்லை. சரி, இவன் இல்லையென்றால் வேறு எவன் என்று பட்டியலில் இன்னும் பின்னே போகத் தயாரானார்கள். எவனோ ஒருவனில்தான் அந்த எழுத்து முதலில் மாறியிருக்கும், அதை மறுக்கவில்லை. அறிவியலுக்கு அது நல்ல கேள்விதான். ஆனால் எப்போதோ ஒரு குதிரையில் நேர்ந்த ஒரு தற்செயல் பத்தில் ஒன்று என்கிற அளவுக்குப் பெருகியது எப்படி? அதற்கு மூதாதை பதில் சொல்ல மாட்டான்.

அதற்குப் பதில் 2022ல் ஸ்வீடனிலிருந்து வந்தது. ஸ்வீடன் வார்ம்பிளட் குதிரைகளின் மதிப்பெண்களை வைத்துப் பார்த்ததில், பிழைப்பிரதி ஒன்றைச் சுமக்கும் குதிரைகள் நடையழகில் மற்றவற்றைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கியிருந்தன. நண்பரிடம் இதன் அர்த்தத்தைக் கேட்டேன். 'இழைப்பிடிப்பு கொஞ்சம் தளர்ச்சியா இருந்தா கால் வீச்சு பெரிசா இருக்கலாம், மூட்டு நல்லா மடங்கலாம். இது ஊகம்தான், தோழர். ஆனா மார்க் போடுறவனுக்கு அந்த வீச்சுதானே பிடிக்குது' என்றார். அவர் ஊகம் சரியோ தப்போ, மதிப்பெண் கணக்கு ஊகமில்லை. அதாவது இந்தப் பிழை எல்லாரையும் ஏமாற்றி ஒளிந்து வந்த திருடன் இல்லை. மார்க் போட்டு, பரிசு கொடுத்து, ஏலத்தில் விலை ஏற்றி வரவேற்றுக் கூட்டி வந்த விருந்தாளி. வெர்டனிலும் நோய்முன்ஸ்டரிலும் இரண்டரை வயசுக் கடாக்களை வரிசையாக ஓடவிட்டு, எது தகப்பனாகலாம் எது ஆகக்கூடாது என்று தீர்மானிக்கிறார்கள். ஆகலாம் என்று தேறியதன் விலை லட்சக்கணக்கான யூரோவுக்குப் போகும். தேறாததுக்குப் பெரும்பாலும் காயடிப்பு. அந்த ஒரு முற்பகலில் நடுவர்கள் கண்ணுக்கு எந்த வீச்சு அழகாகப் பட்டதோ அது, பனியில் உறையவைத்த விந்தாக ஏழு கடல் தாண்டிப் போகும். நேரடிச் சேர்க்கை காலத்தில் ஒரு பொலிகுதிரைக்கு ஒரு பருவத்தில் சில டஜன் பெட்டைகள். செயற்கைக் கருவூட்டல் வந்தபின் சில நூறு. டார்க் ரொனால்ட் தன் ஆயுசு முழுக்கப் பெற்ற பிள்ளைகளை இன்றைய நட்சத்திரப் பொலிகுதிரை ஓரிரு பருவங்களில் பெற்றுவிடும். அது செத்தபின்கூட உறைந்த குழாய்களிலிருந்து தகப்பனாகிக்கொண்டே இருக்கும்.

மூலத்தில் இருந்ததாகத் தேடப்பட்ட குற்றம், மார்க் அட்டையில் இருந்தது.

2018க்குப் பிறகு ஜெர்மானியச் சங்கங்கள் விழித்துக்கொண்டன. பொலிகுதிரைகளைச் சோதித்து முடிவை வெளியிடுவது நடைமுறைக்கு வந்தது. கடத்துபவை என்று தெரிந்தவற்றை ஒட்டுமொத்தமாக ஒதுக்கிவிடவில்லை. சுத்தமான பெட்டையோடு சேர்த்தால் குட்டி சாகாது என்பது சரிதான். ஒரேயடியாகப் பத்தில் ஒன்றை வெட்டியெறிந்தால் மிச்சமிருக்கிற தகப்பன்களின் எண்ணிக்கை இன்னும் சுருங்கி அடுத்த பிழைக்கு வழி திறக்கும் என்பதும் சரிதான். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் தூய்மைவாதிகளாக நடந்துகொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காசு போய்விடுமே என்கிற பயமும் அதற்கு உதவியிருக்கும்.

ஆனால் விளம்பரத்தில் பொலிகுதிரையின் படத்துக்குக் கீழே கடத்தும், கடத்தாது என்று போடுகிறார்களே, பெட்டைக்கு? நண்பரிடம் கேட்டேன். பெட்டைக்குப் பொதுவாகக் கட்டாயம் கிடையாது. உரிமையாளர் விரும்பினால் பிடரியிலிருந்து வேரோடு கொஞ்சம் மயிர் பிடுங்கி உறையில் போட்டு அனுப்பலாம். விரும்பாவிட்டால் பொலிகுதிரையின் முடிவைப் பார்த்துவிட்டு, குட்டி பிறக்கும்வரை பதினோரு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.